சென்னை – இலண்டன் வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சென்னை – இலண்டன் வான்வழித் தொலைவு என்பது சென்னை பன்னாட்டு விமான நிலையத்துக்கும் இலண்டன் ஈத்ரோ விமான நிலையத்துக்கும் இடையே புவிப்பரப்பின் மீது அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவு ஆகும். இது சுமார் 8,230 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 4,445 கடல் மைல் ஆகும். இத்தொலைவை இடைநிறுத்தம் இன்றிக் கடக்கும் பயணிகள் விமானம் பொதுவாகப் பத்து மணி நேரத்தை ஒட்டிய காலத்தை எடுத்துக்கொள்கிறது.

இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு மாறாத ஓர் எண். பயண நேரமோ காற்று, விமானம் செல்லும் வழி, நாடுகள் தம் வான்பரப்பைத் திறந்து வைத்திருத்தல் ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது. சென்னையிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் மிகக் குறுகிய வழி, புறப்பட்ட சில நிமிடங்களிலேயே திருவள்ளூர் மாவட்டத்தைக் கடக்கிறது. எனவே திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆகிய இடங்களைக் கொண்டு இக்கணக்கை எளிதாக விளங்கிக்கொள்ளலாம்.

அமைவிடம்

சென்னை விமான நிலையம் நகரின் தெற்கே மீனம்பாக்கம், திரிசூலம் பகுதிகளில் அமைந்துள்ளது. இதன் அமைவிடம் வடக்கு அட்சக்கோடு 12.99 பாகை, கிழக்குத் தீர்க்கக்கோடு 80.18 பாகை ஆகும். ஈத்ரோ விமான நிலையம் இலண்டனின் மேற்கே வடக்கு அட்சக்கோடு 51.48 பாகையிலும் மேற்குத் தீர்க்கக்கோடு 0.46 பாகையிலும் உள்ளது.

இரண்டிற்கும் இடையே அட்சக்கோட்டில் 38.49 பாகையும் தீர்க்கக்கோட்டில் 80.64 பாகையும் வேறுபாடு உள்ளது. இந்த நான்கு எண்களே தொலைவைக் கணக்கிடப் போதுமானவை. இடையில் உள்ள மலை, கடல், நாட்டு எல்லை எதுவும் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

பெருவட்டம்

கோளம் ஒன்றின் மையம் வழியாகச் செல்லும் தளம் அதன் பரப்பை வெட்டும்போது உண்டாகும் வட்டம் பெருவட்டம் எனப்படும். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம் ஆகும். தீர்க்கக்கோடு ஒவ்வொன்றும் அரைப் பெருவட்டம் ஆகும். நிலநடுக்கோடு தவிர்ந்த பிற அட்சக்கோடுகள் பெருவட்டங்கள் அல்ல. அவற்றின் தளங்கள் புவியின் மையம் வழியாகச் செல்வதில்லை.

கோளத்தின் மீதுள்ள இரு புள்ளிகளுக்கு இடையேயான மிகக் குறுகிய பாதை அவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் பெருவட்டத்தின் சிறிய வில்லே ஆகும். ஒரு பந்தின் மீது இரு இடங்களைக் குறித்து, அவற்றுக்கிடையே நூல் ஒன்றை இறுக இழுத்துப் பிடித்தால் அந்நூல் தானாகவே இவ்வில்லின் மீது படிந்துவிடும். விமானப் பயணத்துக்குக் குறிப்பிடப்படும் "தொலைவு" பெரும்பாலும் இந்த வில்லின் நீளமே.

தொலைவைக் கணக்கிடுதல்

பெருவட்ட வில்லின் கோணத்தைக் கோள முக்கோணவியலின் கோசைன் விதியைக் கொண்டு கணக்கிடலாம். அதற்குப் பின்வரும் படிகள் போதும்.

1. இரு இடங்களின் அட்சக்கோடுகளுடைய சைன் மதிப்புகளைப் பெருக்க வேண்டும்: 0.2248 × 0.7824 = 0.1759.

2. இரு அட்சக்கோடுகளின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கக்கோட்டு வேறுபாட்டின் கோசைன் மதிப்பையும் பெருக்க வேண்டும்: 0.9744 × 0.6228 × 0.1626 = 0.0987.

3. இரண்டையும் கூட்டினால் 0.2746 கிடைக்கும். இதைக் கோசைன் மதிப்பாகக் கொண்ட கோணம் சுமார் 74.06 பாகை ஆகும்.

4. புவியின் மீது ஒரு பாகை வில்லின் சராசரி நீளம் 111.2 கி.மீ. ஆகும். எனவே தொலைவு 74.06 × 111.2, அதாவது ஏறத்தாழ 8,235 கி.மீ. ஆகும்.

கடல் மைல் என்னும் அலகு இக்கணக்கிலிருந்தே பிறந்தது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை ஆகும். புவிப்பரப்பில் ஒரு கலையின் நீளமே தொடக்கத்தில் ஒரு கடல் மைலாகக் கொள்ளப்பட்டது. இன்று அது 1.852 கி.மீ. என வரையறுக்கப்பட்டுள்ளது. கோணத்தை அறுபதால் பெருக்கினாலே தொலைவு கடல் மைலில் கிடைத்துவிடுவதால், விமானிகளும் மாலுமிகளும் இவ்வலகையே பயன்படுத்துகின்றனர்.

புவியின் வடிவம்

மேற்கண்ட கணக்கு புவியை முழுமையான கோளமாகக் கொள்கிறது. உண்மையில் புவி துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதன் நிலநடுக்கோட்டு ஆரம் சுமார் 6,378 கி.மீ.; துருவ ஆரம் சுமார் 6,357 கி.மீ. இவ்வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும்போது சென்னை – இலண்டன் தொலைவில் சில கிலோமீட்டர் மாற்றம் மட்டுமே ஏற்படுகிறது.

புவியின் இவ்வடிவத்தை அளந்தறிந்த வரலாற்றில் சென்னை விமான நிலையத்தின் சுற்றுப்புறத்துக்கும் பங்கு உண்டு. விமான நிலையத்துக்கு அருகில் உள்ள பரங்கிமலையை ஒட்டி, 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை இந்த அடிக்கோட்டிலிருந்தே வளர்ந்தது. ஒரு பாகை வில்லின் நீளம் வெவ்வேறு அட்சக்கோடுகளில் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிவதும் லாம்டனின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரஸ்ட் இப்பணியை இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்றார்.

தட்டை வரைபடமும் திருவள்ளூரும்

பள்ளி வகுப்பறைகளில் காணப்படும் உலக வரைபடங்கள் பல மெர்காட்டர் வீழலைப் பின்பற்றியவை. கெரார்டசு மெர்காட்டர் 1569 இல் வெளியிட்ட இவ்வகை வரைபடத்தில் வரையப்படும் நேர்கோடு, எல்லாத் தீர்க்கக்கோடுகளையும் ஒரே கோணத்தில் வெட்டுகிறது. திசைகாட்டியில் ஒரே திசையை வைத்துக்கொண்டு செல்லும் கப்பலின் பாதை இதுவே. இதனை மாறாத்திசைக் கோடு எனலாம். இது மாலுமிக்கு வசதியானது. ஆனால் மிகக் குறுகிய பாதை அன்று.

சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே மெர்காட்டர் வரைபடத்தில் அடிக்கோல் கொண்டு கோடு வரைந்தால், அது வடக்கிலிருந்து மேற்குப் புறமாக ஏறத்தாழ 60 பாகை சாய்ந்து செல்லும். விமான நிலையத்திலிருந்து இத்திசையில் சுமார் 34 கி.மீ. சென்றால் திருவள்ளூர் நகரம் வரும். இக்கோடு பின்னர் அரபிக்கடல், ஈராக், துருக்கி வழியாக இலண்டனை அடையும். இதன் நீளம் சுமார் 8,480 கி.மீ. ஆகும்.

பெருவட்டப் பாதையோ சென்னையில் வடக்கிலிருந்து மேற்குப் புறமாக 40 பாகை மட்டுமே சாய்ந்து புறப்படுகிறது. இது திருவள்ளூர் நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 12 கி.மீ. விலகி, திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியைக் கடந்து, ஆந்திர எல்லையில் உள்ள ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டை விட்டு நீங்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்தைத் தாண்டும் முன்னரே இரு கோடுகளும் இவ்வளவு விலகிவிடுகின்றன. பயணத்தின் முடிவில் இவற்றின் நீளத்தில் ஏறத்தாழ 250 கி.மீ. வேறுபாடு உண்டாகிறது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் இது சுமார் 17 நிமிடப் பறத்தலுக்குச் சமம்.

பெருவட்டப் பாதையில் செல்வோர் தம் திசையைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே செல்ல வேண்டும். சென்னையில் வடமேற்காகத் தொடங்கும் பாதை, இலண்டனை நெருங்கும்போது ஏறத்தாழ நேர் மேற்காகத் திரும்பிவிடுகிறது. மறுவழியில், இலண்டனிலிருந்து சென்னைக்கான மிகக் குறுகிய பாதை ஏறத்தாழ நேர் கிழக்காகத் தொடங்குகிறது. சென்னை இலண்டனுக்குத் தென்கிழக்கே இருப்பதாகத் தட்டை வரைபடத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். உருண்டை வடிவிலான புவி மாதிரியின் மீது நூலை வைத்துப் பார்த்தால் இது உண்மை எனத் தெரியவரும்.

குறுகிய வழியில் அமைந்த நாடுகள்

சென்னை – இலண்டன் பெருவட்டப் பாதை ஊத்துக்கோட்டைக்குப் பின் ஆந்திரப் பிரதேசம், கருநாடகத்தின் கலபுரகிப் பகுதி, மகாராட்டிரம், குசராத் ஆகியவற்றின் மேலாகச் செல்கிறது. பின்னர் கட்சு உவர்நிலத்தை ஒட்டிப் பாகிஸ்தானுக்குள் நுழைந்து, சிந்து, பலுசிஸ்தான் மாநிலங்களைக் கடக்கிறது. ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையைத் தொட்டு ஈரானைக் குறுக்காகக் கடந்து காசுப்பியன் கடலை அடைகிறது. அதன்பின் அசர்பைஜான், ஜார்ஜியா, ரஷ்யாவின் வடக்குக் காக்கசுப் பகுதி, அசோவ் கடல், உக்ரைன், மால்டோவா ஆகியவை வருகின்றன. இறுதியாகப் போலந்து, செருமனி, நெதர்லாந்து ஆகியவற்றின் மேலாக இலண்டனை அடைகிறது.

இப்பட்டியலைப் பார்க்கும்போதே ஒன்று புலப்படும். கணக்கின்படி மிகக் குறுகிய இவ்வழி, அரசியல் பூசலும் போரும் நிகழ்ந்த பல நாடுகளின் மீது செல்கிறது. எனவே விமானங்கள் இவ்வழியை அப்படியே பின்பற்றுவது அரிது.

விமானம் உண்மையில் செல்லும் வழி

சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு – மேற்காக அமைந்துள்ளது. விமானங்கள் காற்றை எதிர்த்தே மேலெழ வேண்டும் என்பதால், காற்றின் திசையைப் பொறுத்து வங்காள விரிகுடா இருக்கும் கிழக்குப் பக்கமாகவோ நிலம் இருக்கும் மேற்குப் பக்கமாகவோ புறப்படுகின்றன. இலண்டன் செல்லும் விமானம் கிழக்கு நோக்கி மேலெழுந்தால், முதலில் எதிர்த்திசையில் சென்று பின்னரே வளைந்து வடமேற்காகத் திரும்ப வேண்டியிருக்கும்.

அதன் பின்னரும் விமானம் தான் விரும்பிய கோட்டில் பறப்பதில்லை. வான்வழிகள் எனப்படும் குறிக்கப்பட்ட பாதைகளையும் அவற்றின் சந்திப்புப் புள்ளிகளையும் பின்பற்ற வேண்டும். படைத்துறைக்கு ஒதுக்கப்பட்ட வான்பரப்புகளைத் தவிர்க்க வேண்டும். இவ்வாறு சேரும் சிறு சிறு வளைவுகளால் உண்மையான பறத்தல் தொலைவு பெருவட்டத் தொலைவை விட எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

சென்னைக்கு வடக்கே இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கும்மிடிப்பூண்டிக்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள சிறீஅரிக்கோட்டாவில் சதீசு தவான் விண்வெளி மையம் அமைந்துள்ளது. இங்கிருந்து ஏவூர்தி ஏவப்படும் நாட்களில், குறிப்பிட்ட நேரத்துக்கு அதனைச் சூழ்ந்த வான்பரப்பும் கடற்பரப்பும் மூடப்படுகின்றன. விமானிகளுக்கு இது முன்னறிவிப்பாகத் தெரிவிக்கப்படும். அந்நேரத்தில் அப்பக்கம் செல்ல வேண்டிய விமானங்கள் சுற்றுவழியில் அனுப்பப்படும். அல்லது சற்றுத் தாமதமாகப் புறப்படும். அதே நேரத்தில் பழவேற்காட்டு மீனவர்களும் குறிக்கப்பட்ட கடற்பகுதிக்குச் செல்லாமல் இருக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

மூடப்பட்ட வான்பரப்புகள்

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்பரப்பின் மீது முழு இறையாண்மை உண்டு என்பதை 1944 இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை உறுதி செய்கிறது. எனவே ஒரு நாடு தன் வான்பரப்பை மூடினால் மற்ற நாடுகளின் விமானங்கள் சுற்றிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. சென்னை – இலண்டன் குறுகிய வழியைப் பாதித்த நிகழ்வுகளுள் சில வருமாறு.

2014 – சூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரைன் மீது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் உயிரிழந்தனர்.

2019 – இந்திய – பாகிஸ்தான் மோதலை அடுத்துப் பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை மூடியது. அது சூலை மாதம் முழுமையாகத் திறக்கப்பட்டது.

2020 – சனவரி 8 அன்று தெகரானிலிருந்து புறப்பட்ட உக்ரைனிய விமானம் ஈரானியப் படையினரால் சுட்டு வீழ்த்தப்பட்டது. 176 பேர் உயிரிழந்தனர்.

2022 – பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையெடுப்பை அடுத்து உக்ரைனின் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் பிரித்தானிய, ஐரோப்பிய ஒன்றிய விமான நிறுவனங்கள் தன் வான்பரப்பில் பறக்க ரஷ்யா தடை விதித்தது.

2025 – ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்கு மட்டும் தன் வான்பரப்பை மூடியது. பின்னர் இத்தடை மாதந்தோறும் நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு சூன் மாதம் இசுரேல் – ஈரான் மோதலின்போது ஈரானின் வான்பரப்பும் மூடப்பட்டது.

2014, 2020 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் வான்பரப்பு மூடப்படாமல் இருந்தபோது நேர்ந்தவை ஆகும். போர் நிகழும் நாட்டின் மேலாகச் செல்லும் குறுகிய வழி திறந்திருப்பினும், அது பாதுகாப்பானது என்று பொருளாகாது என்பதை அவை காட்டின. அதன் பின் விமான நிறுவனங்கள் இத்தகைய பகுதிகளைத் தாமாகவே தவிர்ப்பது கூடியுள்ளது.

2025 ஆம் ஆண்டுத் தடையில் மற்றொரு கூறும் உண்டு. ஒரே இரு விமான நிலையங்களுக்கு இடையே பறந்தாலும், இந்திய நிறுவனத்தின் விமானம் பாகிஸ்தானைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. பிற நாட்டு நிறுவனங்களுக்கு அத்தடை பொருந்தவில்லை. அதாவது தொலைவு ஒன்றாக இருந்தும், பயண நேரம் விமானத்தின் நாட்டுரிமையைப் பொறுத்து மாறியது.

பறத்தல் நேரம்

பெரிய பயணிகள் விமானங்கள் சீராகப் பறக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. ஆகும். இந்த வேகத்தில் 8,235 கி.மீ. தொலைவைக் கடக்க 9 மணி 9 நிமிடம் ஆகும். மேலெழுதலும் இறங்குதலும் குறைந்த வேகத்தில் நிகழ்வதாலும், செல்லும் வழி வளைந்திருப்பதாலும் இத்துடன் மேலும் நேரம் சேர்கிறது.

ஆனால் 900 கி.மீ. என்பது விமானத்தைச் சூழ்ந்த காற்றை ஒப்பிட்ட வேகம் ஆகும். அக்காற்றும் நகர்ந்துகொண்டிருந்தால் தரையை ஒப்பிட்ட வேகம் மாறிவிடும். ஆற்றில் செல்லும் படகை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஓட்டத்தோடு செல்லும் படகு விரைவாகவும், ஓட்டத்தை எதிர்த்துச் செல்லும் படகு மெதுவாகவும் கரையைக் கடக்கும். துடுப்பு வலிப்பவரின் உழைப்பு இரண்டிலும் ஒன்றே.

இடைநிலை அட்சக்கோடுகளில் ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் காற்றோட்டம் தாரைக் காற்று எனப்படும். இது குளிர்காலத்தில் வலுவடைகிறது. இலண்டனிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்துக்கு இக்காற்று துணை செய்கிறது. சென்னையிலிருந்து இலண்டன் செல்லும் விமானத்துக்கு எதிராக நிற்கிறது.

எடுத்துக்காட்டாக, வழி நெடுகிலும் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. மேலைக்காற்று வீசுவதாகக் கொள்வோம். இலண்டன் செல்லும் விமானத்தின் தரைவேகம் 840 கி.மீ. ஆகும், அதற்கு 9 மணி 48 நிமிடம் தேவைப்படும். சென்னை திரும்பும் விமானத்தின் தரைவேகம் 960 கி.மீ. ஆகும், அதற்கு 8 மணி 35 நிமிடம் போதும். ஒரே தொலைவுக்குப் போகவும் வரவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு ஏற்படுகிறது. இதனால்தான் விமான நிறுவனங்களின் கால அட்டவணையில் இரு திசைகளுக்கும் வெவ்வேறு பயண நேரம் தரப்படுகிறது. விமானத்தை இயக்குவோர், மிகக் குறுகிய வழியை விட்டுச் சற்று நீண்ட, ஆனால் எதிர்க்காற்றுக் குறைந்த வழியைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு.

எரிபொருளும் சரக்கும்

சுற்றுவழியால் கூடும் ஒரு மணி நேரம் பயணிக்குக் களைப்பை மட்டுமே தருகிறது. விமான நிறுவனத்துக்கோ அது எடைக் கணக்கு ஆகும். நீண்ட வழிக்குக் கூடுதல் எரிபொருள் ஏற்ற வேண்டும். அந்த எரிபொருளைச் சுமந்து செல்லவே மேலும் சிறிது எரிபொருள் செலவாகும். விமானம் மேலெழக்கூடிய மொத்த எடைக்கு வரம்பு உள்ளதால், எரிபொருள் கூடும்போது சரக்கைக் குறைக்க நேரிடலாம்.

பயணிகள் விமானங்களின் அடித்தளத்தில் சரக்கும் செல்வதால் இது தொழிற்பகுதிகளையும் தொடுகிறது. கும்மிடிப்பூண்டியில் தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகம் அமைத்த சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. இத்தகைய தொழிற்பேட்டைகளின் கனமான பொருட்கள் எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகங்கள் வழியே கப்பலில் செல்லத்தக்கவை. அவசரமாகத் தேவைப்படும் இயந்திர உதிரி பாகங்கள், மாதிரிகள் போன்றவற்றுக்கே வான்வழி ஏற்றது. அவற்றுக்கு நேரமே மதிப்பு என்பதால், தொலைவு மாறாமல் நேரம் மட்டும் கூடினாலும் செலவு உயர்கிறது.

கடிகார நேரம்

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள் ஆகும். எனவே அவற்றை நேரடியாகக் கழித்தால் பறத்தல் நேரம் கிடைக்காது. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தை விட 5 மணி 30 நிமிடம் முந்தியது. பிரித்தானியாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை கோடைகால நேரம் நடைமுறையில் இருக்கும். அப்போது இந்திய நேரத்துடன் உள்ள வேறுபாடு 4 மணி 30 நிமிடமாகக் குறையும்.

எடுத்துக்காட்டாக, சனவரி மாதத்தில் சென்னையில் காலை 6.00 மணிக்குப் புறப்படும் விமானம் 10 மணி 30 நிமிடம் பறந்தால், இந்திய நேரப்படி மாலை 4.30 ஆகியிருக்கும், இலண்டன் கடிகாரம் காலை 11.00 மணியைக் காட்டும். கடிகாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஐந்து மணி நேரப் பயணம் போலத் தோன்றும். அதே பயணம் சூலை மாதத்தில் நிகழ்ந்தால் இலண்டனில் நண்பகல் 12.00 மணி ஆகியிருக்கும்.

முற்காலத்தில் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்ட "மதராசு நேரம்" வழக்கில் இருந்தது. இது கிரீன்விச் நேரத்தை விடச் சுமார் 5 மணி 21 நிமிடம் முந்தியது. இந்தியத் தொடர்வண்டிகளின் கால அட்டவணைகளும் நெடுங்காலம் இதனைப் பின்பற்றின. 1906 ஆம் ஆண்டு சனவரி 1 அன்று இந்திய சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது.

வரலாறு

1869 இல் சூயசு கால்வாய் திறக்கப்பட்ட பின்னரும் சென்னையிலிருந்து இலண்டனுக்கு நீராவிக் கப்பல் பயணம் வாரக்கணக்கில் நீடித்தது. வான்வழி அஞ்சலே இதனை முதலில் குறைத்தது.

1929 ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று இம்பீரியல் ஏர்வேசு நிறுவனம் இலண்டன் – கராச்சி சேவையைத் தொடங்கியது. இப்பயணத்துக்கு ஏழு நாட்கள் தேவைப்பட்டன. பயணிகள் விமானத்தில் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரை அடைந்து, அங்கிருந்து தொடர்வண்டியில் இத்தாலியின் ஜெனோவாவுக்குச் சென்று, பின்னர் கடல் விமானத்தில் நடுநிலக் கடலைக் கடந்தனர்.

கராச்சி வரை வந்த அஞ்சலைத் தெற்கே கொண்டுவரும் பணியை டாட்டா நிறுவனம் ஏற்றது. 1932 ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா சிறு விமானம் ஒன்றில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டுவந்தார். இதன் மூலம் சென்னை இலண்டனுடன் வான்வழியாக இணைந்தது.

1948 ஆம் ஆண்டு சூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேசனல் நிறுவனம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குச் சேவையைத் தொடங்கியது. தாரை விமானங்களின் வருகைக்குப் பின் பயண நேரம் மேலும் குறைந்தது. பிற்காலத்தில் பிரித்தானிய ஏர்வேசு நிறுவனம் சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே இடைநிறுத்தம் அற்ற சேவையை நடத்தியது. ஏழு நாட்களுக்கு மேற்பட்ட பயணம் இவ்வாறு பத்து மணி நேரமாகச் சுருங்கியது.

தரைவழிப் பகுதி

பயணியின் நேரக் கணக்கு விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலில் தொடங்குகிறது. கும்மிடிப்பூண்டிக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 47 கி.மீ. ஆகும். இது இலண்டன் தொலைவில் ஏறத்தாழ 175 இல் ஒரு பங்கு. ஆயினும் சாலை வழியாக இதைக் கடக்க, நெரிசலைப் பொறுத்து, இரண்டு மணி நேரம் வரை ஆகக்கூடும். அது பறத்தல் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும்.

கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கேயும் விமான நிலையம் சென்னைக்குத் தெற்கேயும் இருப்பதே இதற்குக் காரணம். கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்கிறது. மீஞ்சூரையும் வண்டலூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை, நகரின் உட்பகுதியைத் தவிர்க்க விரும்புவோருக்கு மாற்று வழியாக உள்ளது. தொடர்வண்டியில் வருவோர் கும்மிடிப்பூண்டி – சென்னை சென்ட்ரல் புறநகர் வண்டியில் சென்ட்ரலை அடைந்து, அங்கிருந்து மெட்ரோ வண்டியில் விமான நிலையம் செல்லலாம். விமான நிலைய மெட்ரோ நிலையம் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திருவள்ளூரிலிருந்து வருவோரும் அரக்கோணம் – சென்னைப் புறநகர் வண்டியில் வந்து இவ்வாறே மாறிச் செல்லலாம். கடற்கரை – தாம்பரம் தடத்தில் உள்ள திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே அமைந்துள்ளது.

பன்னாட்டுப் பயணிகள் விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தை அடையுமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றனர். இதனையும் சேர்த்தால், கும்மிடிப்பூண்டியிலிருந்து இலண்டன் செல்பவர் விமானத்தில் ஏறும் முன்பே ஐந்து மணி நேரத்தைச் செலவிடுகிறார்.

விமான நிலையத்தின் இடமாற்றம் இக்கணக்கை எவ்வாறு மாற்றும் என்பதற்குப் பரந்தூர் ஓர் எடுத்துக்காட்டு ஆகும். காஞ்சிபுரம் அருகே பரந்தூரில் சென்னைக்கான புதிய விமான நிலையம் அமைக்கும் திட்டம் 2022 இல் அறிவிக்கப்பட்டது. நிலம் இழக்கும் சிற்றூர்களின் மக்கள் அதனை எதிர்த்து வருகின்றனர். அங்கிருந்து இலண்டனுக்கான பெருவட்டத் தொலைவு சுமார் 30 கி.மீ. மட்டுமே குறையும், பறத்தலில் அது இரண்டு நிமிடம். ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து நேர்கோட்டுத் தொலைவு 60 கி.மீ.க்கு மேலாகக் கூடும். திருவள்ளூருக்கோ அது சற்றே குறையும். வானில் பொருட்படுத்தத் தேவையற்ற மாற்றம், தரையில் பெரிய மாற்றமாக அமைகிறது.

2015 வெள்ளமும் அரக்கோணமும்

2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் பெய்த பெருமழையில் அடையாற்று வெள்ளம் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையைச் சூழ்ந்தது. டிசம்பர் 1 இரவு முதல் விமான நிலையம் மூடப்பட்டு, சில நாட்களுக்குப் பின்னரே படிப்படியாகத் திறக்கப்பட்டது. அந்நாட்களில் அரக்கோணத்தில் உள்ள இந்தியக் கடற்படையின் ராஜாளி விமானத் தளத்திலிருந்து உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. நாட்டின் மிக நீண்ட ஓடுபாதைகளுள் ஒன்று இத்தளத்தில் உள்ளது.

சென்னையில் சிக்கிக்கொண்ட பயணிகள் திருவள்ளூர் வழியாகவும் பிற சாலைகளிலும் அரக்கோணத்தை அடைந்து விமானம் ஏறினர். அந்நாட்களிலும் சென்னைக்கும் மற்ற நகரங்களுக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு மாறவில்லை. பயணத்தின் நீளத்தை முடிவு செய்தது, வெள்ளம் சூழ்ந்த சாலையே.

தொலைவுக் கணக்கின் பயன்

பெருவட்டத் தொலைவு, பயணத்துக்குத் தேவைப்படும் குறைந்தபட்ச அளவைத் தருகிறது. எந்த விமானமும் அதனிலும் குறைந்த தொலைவில் இலண்டனை அடைய முடியாது. உண்மையான பயணம் அதனை விட எவ்வளவு கூடுகிறது என்பதைக் கொண்டு, காற்று, வான்வழி ஒழுங்குமுறை, மூடப்பட்ட எல்லைகள், தரைப் போக்குவரத்து ஆகிய ஒவ்வொன்றும் பயணியிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தனித்தனியே மதிப்பிடலாம். மாணவர்கள் தம் ஊரின் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு ஆகியவற்றைக் கொண்டு மேற்கண்ட நான்கு படிகளின் வழியே உலகின் எந்த நகருக்கும் இத்தொலைவைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, இதே முறையில் சென்னை – சிங்கப்பூர் தொலைவு 26.3 பாகை, அதாவது ஏறத்தாழ 2,920 கி.மீ. எனக் கிடைக்கும்.